கேட்டில் தொங்கிய காகித நட்சத்திரம்

டிசம்பர் வந்தால் எல்லாப் பள்ளியிலும் குழந்தைகள் கையில் கிறிஸ்துமஸ் மரம் அச்சடித்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். அந்தத் தாளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மரத்தின் மேல் கோபமில்லை, பண்டிகையின் மேலும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி எங்களுக்குச் செய்த காரியத்தின் மேல்தான் கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில், நிக்டியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லாக் குடும்பமும் அதே தொழிற்சாலையை நம்பித்தான் இருந்தது. தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். கீழ்வீட்டு மராத்திக்காரர் தொழிற்சங்கக் கமிட்டியில் இருந்தார். என்னை ‘வஹினி’ என்பார், அண்ணி என்று அர்த்தம். நான் அவரை ‘பாவ்’ என்பேன், அண்ணன் என்று. கூப்பிடுவதில் ஒரு குறையும் கிடையாது.

கம்பெனிக்கு வெளிநாட்டுப் பங்குதாரர் உண்டு. அந்த வெள்ளைக்காரர்கள் டிசம்பரில் வருவார்கள். அவர்கள் மனம் குளிர்வதற்காகக் கேன்டீன் ஹாலில் மரம் வைத்து, தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளை வரவழைத்து, வண்ணம் தீட்டும் போட்டியும் காகித வேலையும் நடத்துவார்கள். நிஜமான கிறிஸ்துவத் தொழிலாளிகள் தங்கள் பிள்ளைகளைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். மரத்துக்குப் பச்சை அடித்தது எங்கள் பிள்ளைகள்தான்.

என் மகளுக்கு அதில் பைத்தியம். முந்தின வருஷம் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து பழைய காலண்டரையும் மளிகைக்கடைப் பொட்டலத் தாளையும் கத்தரித்துச் சங்கிலி சங்கிலியாக ஒட்டி ஜன்னலில் கட்டிக்கொண்டிருந்தாள். பசை தீர்ந்தால் சோற்றுப் பருக்கை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் காலையில் போய் கேட்டுக்கு எதிரே பந்தலில் உட்காருவார்கள், சாயங்காலம் வருவார்கள். தொழிலாளி யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூடத் தவறாமல் போனார். வீட்டில் பருப்பு இல்லாத நாளிலும் போனார்.

டிசம்பரில் கம்பெனி பியூன் வீடு வீடாக வந்து மரம் அச்சடித்த தாளைக் கொடுத்தான். தகராறு வேறு, குழந்தைகள் வேறு, வழக்கம்போல எல்லாரும் வாருங்கள் என்று அடியில் எழுதியிருந்தது. வீட்டில் வண்ணம் தீட்டிக்கொண்டு வர வேண்டும், நட்சத்திரம் செய்வது ஹாலில்.

என் வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நமக்கு வேண்டாம் புள்ள. அவனுக ஒண்ணும் சும்மா கூப்புடமாட்டானுக.”

“கொழந்த ஒரு வருசமாக் காத்துட்டு இருக்குதுங்க. கீழ அவரக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க.”

கேட்டோம். பாவ் மீசையைத் தடவிக்கொண்டு இந்தியில் சொன்னார்: “பசங்க விஷயம், வஹினி. தாராளமா அனுப்புங்க. எங்க சண்டை முதலாளியோட, க்ரேயானோட இல்ல. என் பையனும் போறான்.”

என் வீட்டுக்காரர் தாளை மகள் கையில் கொடுத்தார். மகள் தரையில் படுத்துக்கொண்டு மரத்துக்கு வண்ணம் தீட்டினாள். பாதி மரத்திலேயே பச்சை க்ரேயான் தீர்ந்துவிட்டது. புதிது வாங்கும் நிலைமை இல்லை. அவள் கேட்கவும் இல்லை. மஞ்சளை அடித்து அதன் மேல் நீலத்தைத் தேய்த்துப் பச்சையாக்கினாள். கீழ்ப் பாதி மேல் பாதியைவிட நன்றாக இருந்தது.

ஆண்கள் கேட்டைத் தாண்ட முடியாது என்பதால் நான் கூட்டிப்போனேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். காலனி முனைக்கே பஸ் அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் சீட் காலி. பஸ் பின்பக்க வாசல் வழியாக உள்ளே போயிற்று, பந்தலில் இருந்தவர்கள் எங்கள் கண்ணில் படவில்லை.

ஹாலில் இரும்புக் கம்பியில் பச்சைக் காகிதம் சுற்றிய மரம், ஆள் உயரத்துக்கு மேல். மேனேஜரின் மனைவி பட்டுப் புடவையில் நின்றுகொண்டு, தங்கக் காகிதத்தை மடித்து மூலையை வெட்டினால் நட்சத்திரம் வரும் என்று செய்து காட்டினாள். குழந்தைகள் வெட்டி முடித்ததும் சொன்னாள்: “பரிசு மாறிப்போகக் கூடாதில்லையா, எல்லாரும் முழுப் பெயரைப் பெரிசா எழுதுங்க. ஸ்கெட்ச் பேனாவில.”

முழுப் பெயர் என்றால் அந்த ஊரில் குழந்தையின் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஊரில் இருந்திருந்தால் முன்னால் ஒரு எழுத்துதான், இன்ஷியல். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது குமாஸ்தா கேட்டான், இல்லை என்றோம், அப்பா பெயரையே கடைசியில் போட்டுவிட்டான். என் மகளுக்கு அதுதான் முழுப் பெயர். தன் பெயரையும் அவள் அப்பா பெயரையும் நட்சத்திரத்தின் நடுவில், சிவப்பில், இங்கிலீஷ் பெரிய எழுத்தில் எழுதினாள். பக்கத்தில் பாவின் மகன் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை மட்டும் எழுதிவிட்டு சமோசா தின்றுகொண்டிருந்தான். கூட வந்திருந்த அவன் அம்மா முழுப் பெயரை எழுது என்று சொல்லவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் பந்தலுக்குப் போய் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மரத்த மெயின் கேட்டுல வச்சிருக்கானுக.”

“எந்த மரத்த?”

“அந்த மரத்தத்தான். கம்பிக்குப் பின்னால, ரோட்டப் பாத்தாப்புல. எல்லா நட்சத்திரமும் தொங்குது. உக்காந்த எடத்துல இருந்தே பேரப் படிக்கலாம்.”

பந்தலில் ஒருத்தன் எழுந்து நின்று வாத்தியார் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பெயராகப் படித்தானாம். மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அந்த ஊரில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் பத்துப் பேருக்கு இருக்கும். நானில்லை, பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருக்கிறானே அவன் என்று கைகாட்டிவிடலாம். தொழிற்சாலை முழுக்கத் தேடினாலும் என் வீட்டுக்காரர் பெயர் ஒருவருக்குத்தான்.

“என்ன சொன்னாங்க?”

“ரயில்ல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி மதராஸி பொண்ணப் போட்டுக் கம்பெனில எடம் புடிச்சுட்டான்னாங்க. நல்லாச் சிரிச்சாங்க.”

கீழே இறங்கிப் போய்ப் பாவின் கதவைத் தட்டினேன். “நீங்கதான அனுப்பச் சொன்னீங்க?”

“அனுப்பச் சொன்னேன், வஹினி. பேரு எழுதச் சொன்னேனா?”

“அப்ப நீங்க சொல்லித்தான் அனுப்பினோம்னு கமிட்டியில சொல்லுங்க.”

“இப்ப நேரம் சரியில்ல. கொஞ்சம் ஆறட்டும்.”

ஆறவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

நானே கம்பெனிக்குப் போனேன். என் குழந்தை செய்த நட்சத்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் கேட்டுக்கு வந்தான். முழுக்கைச் சட்டை, வாய் நிறைய மரியாதை.

“அழகா இருக்கே மேடம், எதுக்கு எடுக்கணும்? வேணும்னா உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. உள்ளே வந்து அவரே கையால எடுத்துக்கட்டும்.”

உள்ளே வந்தால் கதை முடிந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. வாட்ச்மேன் என் கையைத் தள்ளிவிட்டான். எதிரே பந்தலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தன்கூட எழுந்து வரவில்லை.

மகளிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. கட்டடத்துப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

“அம்மா, கத்தார்னா என்னா?”

“துரோகி.”

“அப்பாவையா சொல்றாங்க?”

“ஆமா.”

யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா பேரு ஸ்பெல்லிங் தப்பா எழுதிட்டேனா?”

சரியாகத்தான் எழுதினாய் என்றேன். சில நாள் கழித்து பியூன் பெரிய க்ரேயான் பெட்டியைக் கொண்டுவந்தான். முதல் பரிசாம். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவள் என் பின்னால் நின்று பெட்டியைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காகிதம் வெட்டும் சத்தம் இல்லை.

என் வீட்டுக்காரர் அதுவரை பந்தலில் பின்வரிசையில் உட்காருகிற ஆள். கோஷம் போடும்போதுகூட வாய்தான் அசையும். இப்போது முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார். கொடி பிடித்தார். போஸ்டர் ஒட்டினார். யாரும் செய்யத் தயங்கும் வேலையை நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். துரோகி இல்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

“நீங்க என்னத்துக்குங்க முன்னால போறீங்க?” என்றேன்.

“பின்னால நின்னா பேசறானுக.”

பொங்கல் கழிந்ததும் கம்பெனி கான்ட்ராக்ட் ஆட்களை பஸ்ஸில் கொண்டுவந்தது. எல்லாரும் ஓரமாக நின்று கத்தினார்கள். இவர் பஸ்ஸுக்கு நேரே போய் நின்றுகொண்டு முன் கண்ணாடியில் கையால் அடித்தார். கண்ணாடி விரிசல் விட்டது, கை கிழிந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. விடுதலையாகி வீட்டுக்கு வந்தபோது, இனி ஒன்றும் பேசமாட்டார்கள் என்றார். கட்டுக்குள்ளிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

கம்பெனியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே ஆபீசர் கேட்டானாம்: “உங்க குழந்தையை உள்ளே விட்டுப் பரிசும் கொடுத்த கம்பெனி. அதோட பஸ்ஸையா உடைப்பீங்க?” சங்கத்துக்காரன் அதே நட்சத்திரத்தைக் காட்டித் துரோகி என்றான். கம்பெனிக்காரன் அதையே காட்டி நன்றி கெட்டவன் என்றான். இரண்டு பேருக்கும் ஒரு குழந்தை எழுதிய பெயர் உபயோகப்பட்டது.

ஹோலி முடிந்து சமரசம் ஆயிற்று. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இவர் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனார். உள்ளே நுழையும் இடத்தில் நேர அட்டைகள் செருகிய பலகை இருக்கும். இவர் அட்டை இருந்த இடம் காலி. வன்முறை செய்தவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கமிட்டி கையெழுத்துப் போட்டிருந்தது. சங்கு ஊதிற்று. பாவ் உட்பட எல்லாரும் இவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. கடைசியில் புனேயின் மறுகோடியில், ஹடப்சரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை தேடிக்கொண்டு நிக்டியை விட்டுப் போனோம். அது வேறு கதை.

எல்லாரும் வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் பாவ் மாடியேறி வந்தார். கையில் பேடா பெட்டி. நல்லது நடந்தால் அந்த ஊரில் வீடு வீடாகப் பேடா கொடுப்பார்கள். ஷிப்டு முடிந்து வந்த க்ரீஸ் வாடை மேலெல்லாம் அடித்தது.

“வஹினி, எடுத்துக்குங்க. எல்லாரும் சேர்ந்து ஜெயிச்சது. இவர் கேஸையும் விடமாட்டோம்.”

“எங்க வீட்டுல யாரு ஜெயிச்சா? கீழ கொண்டுபோய் உங்க பையனுக்குக் குடுங்க.”

அவர் பெட்டியை மூடவும் இல்லை, நகரவும் இல்லை. என் வீட்டுக்காரர் உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தழும்பு விழுந்த கையை நீட்டி ஒரு பேடா எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “நல்லா இருக்கு, பாவ்” என்று இந்தியில் சொன்னார். வாசல்படி வரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தார்.

கம்பெனியை நான் மன்னிக்கவில்லை. பாவை மன்னிக்கவில்லை. அந்த பேடாவைத் தின்றதற்காக என் வீட்டுக்காரரையும் இன்றுவரை மன்னிக்கவில்லை.