கருப்பு வேற, கரி வேற

நாமக்கல் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து அந்த எண்ணெய் உலையை வாங்கி, மினி லாரியில் ஏற்றி, வளைவு வளைவாக மலையேறிச் செம்மேட்டுக்குக் கொண்டுவந்தேன். மலைக்காரர்கள் முனை தட்டக் கொண்டுவரும் மண்வெட்டி, கொடுவாளை எல்லாம் அதுவரை கரி அடுப்பில்தான் காய்ச்சினேன். இப்போது கரி கிடைப்பது பெரும்பாடு. பழைய இன்ஜின் ஆயிலென்றால் பைக் மெக்கானிக்கிடம் கேட்டாலே கொடுப்பார்.

உலையை விற்றவர் காற்று வால்வில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். "இதை மட்டும் தாண்டீராதீங்க. கண்ண மூடிட்டு எரியுமுங்க" என்றார். அந்தச் சொல்லையும் உலையோடு சேர்த்துப் பத்திரமாக மேலே கொண்டுவந்தேன்.

பற்றவைத்தேன். எரிந்தது என்பதைவிட இருமியது என்பதுதான் சரி. பர்னர் வாயில் சொட்டுச் சொட்டாக ஆயில், புகைக்குழாயில் கட்டிகட்டியாகக் கரும்புகை. பட்டறைக்குக் கீழே பக்கத்து வீட்டு அக்கா தார்ப்பாயில் மிளகு காயப்போட்டிருந்தார். அவருக்கு அந்த வருடத்து விளைச்சலே அதுதான். புகை நேராக அங்கே இறங்கியது. அவசரமாகப் பாயை மடித்து மூடிவிட்டு, முறத்தோடு மேலே வந்தார்.

"ஏஞ் சாமி, என்ற மொளகுக்குக் கொள்ளி வெக்கவா இத லாரியில ஏத்திட்டு வந்த?"

"மொளகு கருப்புத்தானுங்களே அக்கா" என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன்.

"கருப்பு வேற, கரி வேற. சோளக்காட்டுச் சந்தைக் கடைக்காரன் ஒரு பிடி அள்ளி மோந்து பாப்பான். ஆயில் நாத்தம் அடிச்சா மூட்டையோட திருப்பி உட்ருவான். உன்ற ஊட்டு ரசத்துலயா கொட்டறது?"

உலையை அணைத்தேன். ஆனால் அரைகுறையாகக் காய்ந்த மிளகை மூடியே வைத்தால் பூசணம் பிடிக்கும். நாளைக்கு அவர் விரித்தே ஆகவேண்டும். நானும் உலையை எரித்தே ஆகவேண்டும். பழைய கரி அடுப்பை இடித்த இடத்தில்தான் இது நிற்கிறது. பர்னரைக் கழற்றிக் கழுவினேன், ஆயிலைத் துணியில் வடிகட்டினேன். பற்றவைத்துப் பார்த்தால் அதே இருமல்.

மறுநாள் காலை ஊரெல்லாம் பனிமூட்டம். தலைக்குத் தேய்க்க எடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக நின்றது. அதை அடுப்போரம் வைக்கும்போதுதான் உறைத்தது: ஆயிலுக்கும் குளிருமே. செம்புக் குழாய் வாங்கி, ஆயில் வரும் வழியை உலையின் சூடான உடம்பைச் சுற்றி வளைத்துவிட்டேன். ஆயில் இளகியது. சொட்டு நின்றது, புகையும் பாதியானது. மீதிப் புகை மட்டும் போகவில்லை.

ஆயில் கேனோடு வந்த மெக்கானிக் எட்டிப்பார்த்தார். "மேல வந்தா பைக்குக்கே மூச்சு வாங்குதுங்க. இதுக்கு வாங்காதா?"

சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். அது சமவெளிக் காற்றுக்குப் போட்ட கோடு; மலைமேல் காற்று மெலிசு, இன்னும் அதிகம் திறக்கவேண்டும். வால்வைக் கோட்டைத் தாண்டித் திருப்பினேன். மஞ்சள் சுடர் வெளுத்து, இருமல் அடங்கி, ஒரே சீராக உறுமியது. குழாய்க்கு மேலே வெறும் அனல்தான் நெளிந்தது.

அக்கா நம்பவில்லை. மிளகை விரித்து, பக்கத்திலேயே வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியையும் விரித்துப் போட்டார். சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒரு கறை. குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

"பயப்படாத. அது அவுரு வெத்தல எச்சி."

மிளகு காய்ந்து சோளக்காட்டுக்குப் போனது. விற்றுவிட்டுத் திரும்பிய அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"என்னாச்சுங்க அக்கா?"

"மோந்தான், தும்மினான், தராசுல தூக்கி வெச்சான்" என்றவர், வீட்டுக்குப் போய் மழுங்கிய கொடுவாள் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். "இதையுங் கொஞ்சம் தட்டிக் குடு சாமி."