சக்கரம் வைத்த படகு யாருடைய யோசனை?

செம்மண்டலத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது பட்டறைத் தொழிலாளி சேகர் போன் செய்தார். "சார், மொதலாளி போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

யார் இறந்தது என்று பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். ஃபைபர் படகுப் பட்டறை ரத்தினவேலு என்றேன்.

"யாரு, சக்கரம் வெச்ச போட்டு செஞ்சாரே, அவரா? பாவம். நல்ல மனுஷன். புத்திதான் கொஞ்சம் கம்மி."

அவருக்குக் கிடைத்த முதல் அஞ்சலி அது. துறைமுகப் பக்கம் அவரை அறிந்த நீங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்வீர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு பயிரிடும் குடும்பம். கடல் தெரியாதவர் படகு செய்கிறார் என்பதே துறைமுகத்துக்குப் பாதி நகைச்சுவை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். விடுமுறை நாட்களில் அவரோடு பட்டறைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பிறர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகிய தொழில்.

அப்படி ஒரு நாள்தான் கலா வந்து நின்றார். பட்டறையில் கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டிக் கொடுப்பவர். கணவர் கடலுக்குப் போகிறவர். "மொதலாளி, போட்ட கரையேத்துறதுக்குள்ள எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பே போயிடுது. அடியில சக்கரம் வெச்சா என்னா?" ரத்தினவேலு குனிந்து படகின் அடியை ஒருமுறை பார்த்தார். "செஞ்சு பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

செய்து பார்த்தார்கள். ஒரு படகுக்காரரும் ஆசைப்பட்டு வாங்கிப் போனார். கரைக்கு வந்ததும் சக்கரங்கள் மணலில் புதைந்து, படகு நட்டு வைத்ததுபோல் நின்றது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள். படகு வந்தது. சக்கரங்கள் வரவில்லை, அவை இன்னும் அந்த மணலுக்குள்தான் இருக்க வேண்டும்.

படகுக்காரர் பட்டறை வாசலில் நின்று கத்தினார். "எவன்யா இந்த யோசனைய சொன்னது?"

"நான்தாம்பா" என்றார் ரத்தினவேலு. "சக்கரம்னா உருளும்னு நெனச்சேன்."

கலா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

மீன் பெட்டி கதையும் இதேதான். உட்காரும் பலகைக்கு அடியிலேயே ஐஸும் மீனும் வைக்கலாம் என்றார் சேகர். "செஞ்சு பாரு." பலகையே மூடி. ஒவ்வொரு முறை மீன் விழும்போதும் படகில் இருந்தவர்கள் தேசிய கீதத்துக்கு எழுவதுபோல் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்குத் துறைமுகம் வைத்த பெயர் 'ரத்தினவேலு பலகை'. பிறகு சேகர் மூடியைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். அது எல்லாப் படகிலும் ஏறிவிட்டது. வந்து கேட்டவர்களிடமெல்லாம் ரத்தினவேலு, "அது நம்ம சேகர் பெட்டி" என்றார். இப்படியாக வென்றதெல்லாம் தொழிலாளியின் பெயரிலும் தோற்றதெல்லாம் முதலாளியின் பெயரிலும் பதிவாயின. கெட்டிக்காரத் தொழிலாளிகளுக்கு ஒரு மக்கு முதலாளி வாய்த்திருக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது.

இந்த முடிவை ஆய்வு முறைப்படி நிறுவியவர் அவருடைய மைத்துனர் பாஸ்கரன். சிதம்பரத்தில் நிர்வாகவியல் பேராசிரியர். பட்டறையில் பாதிப் பங்கு அவருடையது. தொழிலாளர் எதனால் ஈடுபாட்டோடு உழைக்கிறார்கள், எதனால் புதிதாக யோசிக்கிறார்கள் என்பது அவருடைய துறை. ஒருமுறை பட்டறைக்கு வந்து எல்லோரிடமும் கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். உங்கள் முதலாளி உங்களை ஊக்குவிக்கிறாரா என்பதற்கு எல்லோருமே இல்லை என்றார்கள். நான் சேகரிடம் விசாரித்தேன். "அவரு என்னிக்கி சார் ஊக்குவிச்சாரு? செஞ்சு பாருன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு" என்றார். தலைமை பலவீனமாக உள்ள இடங்களில் தொழிலாளர் தாமாகவே புதுமை செய்கிறார்கள் என்று பாஸ்கரன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்து, பொன்னாடையும் பெற்றார். அவர் சேகரித்த விடைகள் எல்லாமே உண்மை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சக்கரக் கதை பரவியதும் பரங்கிப்பேட்டையிலிருந்து வரவிருந்த பெரிய ஆர்டர் ஒன்று வேறு பட்டறைக்குப் போய்விட்டது. பாஸ்கரன் ரத்தினவேலுவைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னார். கோவில் பார்க்கலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். கோவில் பார்க்கவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சக்கரம் யாரு யோசனை? அந்த ஆள வேலைய விட்டு அனுப்பிடுவோம். பட்டறைய நீங்களே பாத்துக்குங்க."

"என்னுதுதான் மச்சான்."

"உங்களுதுன்னா நீங்கதான் மாமா ஒதுங்கிக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

"இதுல என்னா இருக்கு" என்று பட்டறைச் சாவியை எடுத்து முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முறுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன், பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "சொன்னா கலா ஒருத்தியோட போவாது சார். மத்தவன்லாம் வேலைக்கு வருவான், கை மட்டும் வரும். வாய வூட்லயே வெச்சிட்டு வருவான். எனக்கு வாயும் வேணும்."

அதன்பின் பட்டறையில் நிர்வாகம் நடந்தது. ஆலோசனைப் பெட்டி ஒன்று சுவரில் ஏறியது. மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒருவருடைய படத்தை மாட்டினார்கள். ஒரு பேச்சாளர் வந்து எல்லோரையும் கைதட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். சேகர் துணிந்து எதையோ செய்து பார்த்து அது வீணாக, அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அதற்குப் பிறகு பெட்டியில் விழுந்த ஒரே ஆலோசனை, கழிவறையில் விளக்கு எரியவில்லை என்பது. தப்பு எதுவும் நடக்கவில்லை. வேறு எதுவும்கூட நடக்கவில்லை. ரத்தினவேலு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியத்தன்று பந்தலில் பாஸ்கரன் பேசினார். நல்ல விதமாகவே பேசினார். "மாமா வெள்ளை மனசுக்காரர். படகுக்குச் சக்கரம் வைத்தது ஒன்று போதும், அவரை யாரும் மறக்க மாட்டார்கள்" என்றார். கூட்டம் சிரித்தது, அன்பான சிரிப்புதான்.

கலா எழுந்தார். "சார், அது நான் சொன்னதுங்க."

பாஸ்கரனுக்குப் புரியவில்லை. "எது?"

"சக்கரம். எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு வலின்னு நான்தான் சொன்னேன். நீங்க அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க."

சேகரும் எழுந்தார். "பலகை என்னுதுங்க." பின்னாலிருந்து ஒருவர், உடைந்துபோன துடுப்புக்கு உரிமை கோரினார். இன்னொருவர், யாருமே கேள்விப்பட்டிராத ஒரு தோல்வியைத் தன்னுடையது என்றார். கொஞ்ச நேரத்தில், ரத்தினவேலுவின் பெயரில் ஊர் சேர்த்து வைத்திருந்த அத்தனை முட்டாள்தனத்தையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் மனைவி சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இவரு இத்தினி வருஷமா அங்க என்னாதான் செஞ்சாரு?" என்றார்.  அன்று சிதம்பரத்தில் உடனிருந்த என் பக்கம் பேராசிரியர் திரும்பவேயில்லை.

மறுநாள் கலா வழக்கம்போல் வேலைக்குப் போனார். பாஸ்கரன் அதைக் கவனிக்காதவர்போல் இருந்துவிட்டார். அவரிடம் நான் கண்ட முதல் நிர்வாகத் திறமை அது.

ரத்தினவேலுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். போன மாதம் எங்கள் அலுவலகத் தட்டச்சர், மனு கொடுக்க வருபவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று பெஞ்சுகளை வாசலில் நிழலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். போட்டோம். அதிகாரியின் கார் உள்ளே நுழைய முடியவில்லை. யார் யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். மெமோ வந்தது. அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தத் தட்டச்சர் பெண் வந்து மேசையருகே நின்றார்.

"சார், இன்னொண்ணு தோணுது."

"செஞ்சு பாரும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.