பேஸ் கிட்டாரின் மூக்கடைத்த குரல்

பேஸ் கிட்டார் என்பது இரண்டு கம்பி அறுந்துபோன சாதாரண கிட்டார் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இதை இப்போதே திருத்தாவிட்டால் வருங்காலம் என்னை மன்னிக்காது. அதற்குப் பிறவியிலேயே நான்கு கம்பிதான். தடித்த கம்பிகள், சாதாரண கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. மெல்லிசைக் குழுவில் அதன் வேலை பாட்டைக் கீழிருந்து தாங்குவது. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர் எவரும் குனிந்து அஸ்திவாரத்தைப் பாராட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு குழுவில் நான் அந்த அஸ்திவாரத்தை வாசிக்கிறேன். மற்ற நேரத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வீட்டில் தேனாக ஒலிக்கும் கருவி, மேடை ஏறியதும் வேறு ஆளாகிவிடும். இந்த வியாதி உள்ள வாசகர்கள் இருப்பீர்கள். நாம் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்; மருந்து என்று கேட்காதீர்கள்.

சும்மா இருக்கும் கை

எங்கள் குழுத் தலைவர் சலீம் பாய். கடைவீதியில் செருப்புக்கடை, மேடையில் கீபோர்டு. இந்தக் காலத்துக் கீபோர்டில் இடப்பக்கக் கட்டைகளை அழுத்தினால் பேஸ் கிட்டார் சத்தமே வரும். எந்த மண்டபத்திலும் ஒரே மாதிரி வரும். கம்பி மாற்ற வேண்டாம், வேனில் ஓர் இடமும் மிச்சம். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது ஓர் ஒத்திகையில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று என் சத்தம் ஒரு பாட்டில் இடித்தது, அடுத்த பாட்டில் காணாமல் போனது. பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, உன்ன தப்பு சொல்லல. கச்சிராயபாளையம் ரிசப்ஷன் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சத்தம் ஒரு வழிக்கு வரலன்னா, என் எடது கை சும்மாதான இருக்குது?"

அண்டா மூடி

அப்போது என்னிடம் ஒரு கொள்கை இருந்தது: ஆழம் கூடினால் அழகு கூடும். எலவனாசூர்கோட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில், கிட்டாரில் அடியாழத்தைக் கூட்டும் பேஸ் திருகை வலப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு வாசித்தேன். எல்லா ஸ்வரங்களும் ஒழுங்காகத்தான் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத் தொட்டால் போதும், கூரை தானும் பாட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்குப் பிடித்த ஸ்வரம் ஒன்று உண்டு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குப் பிடித்தது, துரதிருஷ்டவசமாக, பாட்டுக்கும் பிடித்திருந்தது. வரிக்கு ஒரு முறை வந்தது.

மேடைக்குப் பின்னால்தான் சமையற்கட்டு. பாட்டு நடுவில் தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு மேடை ஓரத்துக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். ரசிகர் என்று நினைத்துப் புன்னகைத்தேன். அவர் சொன்னார்: "யப்பா, மத்த சத்தமெல்லாம் வாசிச்சிக்கோ. அந்த ஒண்ணு மட்டும் வாணாம். அது வரும்போதெல்லாம் ரசத்து அண்டா மூடி தானா நகுந்துகினு போவுது."

மலையில் மௌனம்

ஓர் எல்லையில் அடி வாங்கியவன் மறு எல்லைக்கு ஓடுவான். அடுத்து கல்வராயன் மலையில், ஒரு பள்ளி மைதானத்தில், மதிய நிகழ்ச்சி. எல்லாவற்றையும் குறைத்து, சாந்தமாக, சான்றோர் பேசுவதுபோல ஒரு குரலை வைத்தேன். மைதானத்துக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. நான் அனுப்பிய சத்தத்தில் பாதியைக் காற்று கொண்டுபோனது. மீதியை ஜெனரேட்டர் விழுங்கியது.

எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. காரணம், என் ஒலிபெருக்கியை என் காலடியிலேயே வைத்திருந்தேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, என் வாழ்நாளின் சிறந்த வாசிப்பை வாசித்தேன் என்றே நம்பினேன். பாய் மட்டும் இடக்கையால் அவ்வப்போது எதையோ அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, ஒரு சொம்பு தண்ணீர் நீட்டி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "கையில எதுனா அடிங்களா? எல்லாரும் வாசிச்சாங்க, நீங்க மட்டும் சும்மாவே புடிச்சிகினு நின்னீங்களே."

சளி

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். குழுவில் அடியாழத்தில் ஏற்கெனவே டிரம்ஸ் குடியிருக்கிறது. மேலே பாடகர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் காலி. நானோ, டவுன் பஸ்ஸில் காலி இருக்கையை விட்டுவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்த இருக்கையில் மூன்றாவதாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆக, அடியாழத்தைக் குறைத்து நடுப்பகுதியை ஏற்ற வேண்டும். ஏற்றினேன். தேன் போய்விட்டது. தனியாகக் கேட்டால், மூக்கடைப்போடு ஒருவர் பஞ்சாயத்து பேசுவது போலிருந்தது.

அறிவியல் சரி என்றது. காது காறித் துப்பியது. மூன்றாவது கருத்துக்காக என் மனைவி சுமதியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கைவேலையை நிறுத்தி முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான இருந்துது. இன்னாத்துக்கு அதுக்கு சளி புடிக்க வெச்சீங்க?"

பருப்பு

கச்சிராயபாளையம் வந்தேவிட்டது. கரும்பு விவசாயி வீட்டு ரிசப்ஷன், பெரிய மண்டபம், மனிதனைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகளாக அடுக்கியிருந்தார் ஒலி அமைப்பாளர் செல்வம். வந்தவர்களுக்கு நெஞ்சில் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கொண்டுவந்ததற்கு அர்த்தமில்லை என்பது அவர் கட்சி. என் கிட்டாரின் வயர் தன் மிக்ஸருக்கு வந்ததுமே, வழக்கம்போல, அதில் அடியாழத்தை ஏற்றிவிட்டார்.

நான் அவரிடம் போய் அலைநீளத்தில் தொடங்கினேன். கீழ்ஸ்வரத்தின் அலை இந்த மேடையைவிட நீளமானது. மேடையில் நின்றே அதை அளவு பார்ப்பது, கரும்பு லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு லாரி எவ்வளவு நீளம் என்று பார்ப்பது போன்றது என்றேன். அதனால் என் கிட்டாருக்கு மட்டும் அதைக் குறைத்துவிடுங்கள், நடுவை ஏற்றுங்கள் என்று முடித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். குறைக்கவும் செய்தார். பிறகு பக்கத்தில் நின்ற பாயிடம், என் காதில் விழும்படியே சொன்னார்: "பாய், இவுரு சாம்பார்ல பருப்ப கம்மி பண்ணச் சொல்றாரு. பின்னால ஜனங்க எதுனா கேட்டா நான் பொறுப்பில்ல."

மாமன் வந்தார்

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. கூரை பாடவில்லை, மூடி நகரவில்லை. பாட்டின் நடுவில் அந்த மூக்கடைத்த குரல் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஆடினார்கள். எல்லார் காலும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. பாயின் இடது கை கீபோர்டைத் தொடவே இல்லை. மற்றவர்களுக்கு இது போதும்.

எனக்குப் போதவில்லை. இடைவேளையில் எல்லாரும் பாதாம் பால் குடிக்கப் போயிருந்தபோது, நான் மட்டும் மேடையில் கிட்டாரோடு இருந்தேன். தனியாக வாசித்துப் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. படித்த மனிதன் ஒருவன் இந்தச் சத்தத்தை இன்னொரு மணி நேரம் உலகத்துக்குக் கொடுக்கலாமா? பேஸ் திருகை ஒரு நூல் வலப்பக்கம் திருப்பினேன். தேன் திரும்பி வந்தது.

இடைவேளை முடிந்து முதல் பாட்டு. சரணத்துக்கு வருவதற்குள் ஆட்டம் பிசகியது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஆட்டத்தில் முன்னால் நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமன், தோளில் துண்டோடு, நேரே மேடைக்கு வந்தார். பாட்டு முடியும்வரை காத்திருந்தார். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாயிடம் கேட்டார்: "பாய், மொத பாதியில இந்த பெரிய கிட்டாரு வாசிச்சாரே ஒருத்தரு, அவரு கெளம்பிட்டாரா? ஆள் அனுப்பி அவரயே கூப்புடுங்க, இவருக்கு வரல."

நான் இன்னமும் அதே குழுவில்தான் வாசிக்கிறேன். என் கிட்டாரின் திருகுகள் மேல் சலீம் பாய் தன் கையாலேயே ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கிறது.