குறையாத கிளாஸ்

போன மாதம் பெங்களூரில் என் மகன் என்னை ஒரு சாராயக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாராயக்கடை என்று நான் சொன்னதற்கு முறைத்தான். உள்ளே ஏசி, கையில் கூடை, நாடுவாரியாக அலமாரி. டை கட்டிய ஒரு பெண் வந்து, "சாருக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்று கேட்டு, சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்காட்ச்சைச் சொட்டுவிட்டுக் கொடுத்தாள். முகர்ந்து பார்த்தேன். அசல் டிங்சர் அயோடின்! ஆயுசு பூராவும் மருந்துக் கம்பெனி ரெப்பாக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்தவன் நான், எனக்குத் தெரியாதா அந்த வாசம்? உடனே பழைய சிநேகிதன் சண்முகம் ஞாபகம் வந்து அங்கேயே சிரித்துவிட்டேன். முகர்ந்ததிலேயே ஏறிவிட்டது என்று நினைத்து, மகன் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன, தென்காசியில் நாங்கள் குடிக்கப் பழகிய காலத்தில் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. அரசுக் கடைக் கம்பிக்குள் கையை விட்டு விஸ்கி என்போம், பிராந்தி வரும். "அண்ணாச்சி, விஸ்கில்லா கேட்டேன்?" என்றால், "இன்னைக்கு இதான் விஸ்கி. நகரும்வே, பின்னால ஆள் நிக்கி" என்பார். நல்ல சரக்கு வேண்டுமென்றால் வளைகுடாவிலிருந்து யாராவது லீவில் வரவேண்டும். இல்லையா, செங்கோட்டை தாண்டிப் போய்க் கேரளக்காரர்களோடு வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையில் இருந்த ஒழுங்கையும் பக்தியையும் நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. அதுவும் முடியாதென்றால் மிலிட்டரிக்காரர் ஒருவரின் தயவு வேண்டும்.

எங்கள் செட்டில் நிபுணன் ஞானராஜ். தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் கப்பலில் வேலை பார்த்தவன். "மொதல்ல மூக்குலே, அப்புறந்தான் வாய். ஸ்காட்ச்சுல கோலா ஊத்துதவன் நரகத்துக்குத்தான் போவான்" என்று பிரசங்கம் பண்ணுவான். எதை ஊற்றிக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, "ஓக் மர வாசம் வருது" என்பான். கம்பிக்குள்ளிருந்து வந்த கால் பாட்டில் பிராந்தியிலும் அவனுக்கு ஓக் மரம் வந்திருக்கிறது. கப்பலில் அவன் வெங்காயம்தான் உரித்தான் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒரு சபை என்றிருந்தால் நிபுணர் என்று ஒருவர் வேண்டும் இல்லையா?

சண்முகம் எங்களோடு உட்காருவான், ஆனால் தொடமாட்டான். காடை வறுவலையும் மரச்சீனிக் கிழங்கையும் காலி பண்ணிவிட்டு, "டிங்சர் நாத்தம்லே இது, எப்படிலே முழுங்குதிய?" என்று மூக்கைப் பொத்துவான். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. அதே வங்கியில் வேலை பார்த்த கோமதியும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். தூரத்துச் சொந்தம், முறையும் சரிதான். குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள், கோமதியின் அப்பா. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவி ரோட்டில் மாடி வீடு. கண்ணாடி அலமாரி நிறைய மிலிட்டரி கேண்டீன் பாட்டில். "ரெண்டு பெக் உள்ள போனாத்தான் ஆம்பளையோட சங்கதி வெளிய வரும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. சிவகிரியிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவன் அவர் கொடுத்த ஸ்காட்ச்சில் கோலாவைக் கலந்துவிட்டான் என்பதற்காகப் பேச்சையே முறித்துவிட்டாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. இப்போது அவர் சண்முகத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார், கூட்டாளிகளோடு.

"குடிக்காதவன்னு தெரிஞ்சா படி ஏத்தமாட்டாருலே. கோமதி இல்லன்னா நான் செத்தேன்" என்று சண்முகம் என் தோளில் சாய்ந்து அழுதான். விளையாட்டில்லை, நிஜமாகவே அழுதான். எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது. ஞானராஜ் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "விடுலே, நான் ஆளாக்குதேன்" என்றான்.

முதல் பாடத்தில் ஒரு மூடி விஸ்கி கொடுத்தோம். அது அப்படியே திரும்பி ஞானராஜின் சட்டைக்கு வந்தது. அதற்குமேல் எல்லாப் பாடமும் விஸ்கி நிறத்தில் இருக்கும் பால் விடாத கட்டஞ்சாயாவில்தான். கிளாஸை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது, எந்த இடத்தில் "ம்ம்ம்" என்று இழுப்பது, உதடு வரை கொண்டுபோய்ப் பேச்சை ஆரம்பித்துவிட்டு அப்படியே இறக்குவது எப்படி என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தான். சண்முகம் பேங்க் பரீட்சைக்குப் படித்ததுபோல மனப்பாடம் பண்ணினான். தான் குடிக்காதவன் என்பதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று கோமதியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். மாடி வராந்தாவில் நாற்காலிகளைக் கோமதியே போட்டிருந்தாள். சுவரோரமாக இரண்டு, எனக்கும் ஞானராஜுக்கும். கைப்பிடிச் சுவரோரமாக இரண்டு, அவள் அப்பாவுக்கும் சண்முகத்துக்கும். சுபேதார் மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்து மீசையைத் தடவிக்கொண்டே, "எதுன்னு நீரே எடும்" என்றார். சண்முகம் நடுவிலிருந்ததை எடுத்தான். ஏன் அது என்று பிறகு கேட்டேன். அதில்தான் எழுத்து பெரிதாக இருந்ததாம். சுபேதார் பெரிய மனது பண்ணித் தலையாட்டி, நான்கு கிளாஸிலும் ஊற்றினார்.

"லேசா புகை வாசம் வருது மாமா" என்று ஆரம்பித்தான் சண்முகம்.

"மர வாசமும் வரணுமே?"

"ஆமா மாமா, அது கொஞ்சம் பின்னால வருது."

அடேயப்பா, என்ன பேச்சு! கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஞானராஜும் பேச்சுக்கு இடைஞ்சல் பண்ணாமல் எங்கள் காரியத்தைக் கவனித்தோம். எங்களுக்கு மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது ஞானராஜ் எழுந்து நின்றான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன அதிசயம்லே இது! குடிக்கக் குடிக்க ரொம்புது! மாமா கிளாஸும் ரொம்புது, இவன் கிளாஸும் ரொம்புது. ரெண்டு பேரும் குடிக்கியளா, மழைத்தண்ணி பிடிக்கியளா?"

பாவிப்பயல்! அவன் காலை மிதிக்கப்போய் நாற்காலிக் காலை மிதித்தேன். பார்த்தால், அவன் சொன்னது வாஸ்தவம். சாரல் உள்ளே விழுந்து விழுந்து இரண்டு கிளாஸும் தளும்பிக்கொண்டிருந்தன. இரண்டிலும் நிறம் வெளுத்திருந்தது. சுபேதார் சண்முகத்தின் கிளாஸைப் பார்த்தார், சண்முகம் சுபேதாரின் கிளாஸைப் பார்த்தான். போச்சு, கல்யாணம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமா, எனக்குக் குடிக்கத் தெரியாது" என்றான் சண்முகம். "வாய்ல பட்டாலே வாந்தி வந்துரும். இவனுவதான் கட்டஞ்சாயாவ வச்சு சொல்லிக்குடுத்தானுவ."

வாசல் பக்கம் ஒரு சத்தம். கோமதி கையில் மரச்சீனித் தட்டோடு நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றாள்.

"ஏட்டி, ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்பா. நீங்க குடிக்கமாட்டீங்கன்னு அவருக்குத் தெரியக்கூடாது, அவர் குடிக்கமாட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியக்கூடாது. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டேன். நான் என்ன செய்ய? நாற்காலிய மட்டும் சாரல்ல போட்டேன், கிளாஸே சொல்லட்டும்னு."

சுபேதார் கிளாஸைக் கீழே வைத்தார். பட்டாளத்தில் தன் பங்கு ரம்மைக் கொடுத்துவிட்டு மில்க்மெய்டு டின் வாங்கித் தின்றவராம் அவர். "ஊர்ல எவன்வே நம்புவான்? மிலிட்டரிக்காரன் குடிக்கமாட்டான்னா சின்னப்பய கூட மதிக்கமாட்டான்" என்றார். சிவகிரிக்காரன் கதையும் வெளியே வந்தது. "கோலா ஊத்துனதுக்கா வெரட்டுனேன்? மூணாவது கிளாஸ அவனே எடுத்து ஊத்துனான்வே! எம் பொண்ண ஒரு குடிகாரனுக்கா குடுக்கமுடியும்? நான் பெரிய குடியாளுன்னு எவனோ கெளப்பிவிட, வாரவன் பூராவும் குடிச்சுப் பழகிட்டில்லா வாரான்!"

சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தோம். அவர் தலை திரும்பியதும் எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு எங்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார், தன் சங்கதி வெளியே போகக்கூடாது என்று.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்குப் பிறகு சாரல் சீசன்தோறும் மாமனாரும் மருமகனும் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி அந்த மாடியில் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இருப்பது கட்டஞ்சாயா. சுபேதாரின் கேண்டீன் பாட்டில்கள் எங்கே போயின என்று நான் தனியாகச் சொல்லவேண்டுமா? பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு, "இதா, அதா?" என்று நானும் ஞானராஜும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த காலம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இப்போது ஞானராஜுக்குச் சுகர், சோற்றையே அளந்துதான் தின்கிறான். அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள், மாடி வராந்தா இருந்த இடத்தில் ஏசி மிஷின்கள் தொங்குகின்றன. எனக்கும் முன்போல ஆசையில்லை, ஊற்றிக்கொடுக்க ஆளும் இல்லை.

அந்த மாடி வீடு இருக்கும்போதே சுபேதார் மாரடைப்பில் போனார். கூட்டத்தில் ஆளாளுக்கு, "குடியக் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம் மனுஷன்" என்று உச்சுக்கொட்டினார்கள். சண்முகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வாய்க்கரிசி போடும் நேரத்தில், பட்டாளத்தில் அவருக்குக் கீழே கொஞ்ச காலம் இருந்த கிழவர் ஒருவர் ஆய்க்குடியிலிருந்து வந்து சேர்ந்தார். மடியிலிருந்து ரம் பாட்டிலை எடுத்து, "ஆசையா குடிச்ச மனுஷனாமே, கடைசியா ஒண்ணு போட்டுக்கிடும் சாப்" என்று அழுதுகொண்டே ஒரு மூடியில் ஊற்றினார். சண்முகம் பதறிப்போய்க் கையை நீட்டினான். கோமதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அப்பா பேரு அப்படியே இருக்கட்டும்."

கிழவர் ஊற்றினார். கடைவாயில் வழிந்ததைக் கோமதிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.