ராசியில்லாத கையும் ஒரு சூதாட்டப் படமும்

இன்று காலை நடவுக்குப் போயிருந்தேன். வயலில் கால் வைக்குமுன் வயல்காரரின் மனைவி என்னைத் தடுத்தார்.

"செல்வி, நீ செத்த நேரம் வரப்புல நில்லும்மா. மொத நாத்த சுமங்கலி யாராவது நடட்டும்."

என் கணவர் போய் மூன்று வருடமாகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம்தான் இறங்கி நட்டேன்.

பதினோரு மணிக்கு அதே அக்கா டீ கொண்டுவந்தார். நேற்று திருத்துறைப்பூண்டியில் பார்த்த சூதாட்டப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்தார்.

"ராசியில்லாத ஒருத்தி தொட்டா பகடை கூட எதிரா விழுமாம். நல்லா காதுல பூ சுத்துறானுவ! இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் நம்புறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப காலையில என்னை எதுக்கு வரப்புல நிக்க வச்சீங்க, அக்கா?"

கூட நட்ட பெண்கள் தலை நிமிரவில்லை. அக்கா டீத் தூக்கை மூடினார்.

"அது வேறம்மா. அது சாங்கியம்."

நாளைக்கு என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டார். போகட்டும்.

ஆனால் அந்த வயலின் கிழக்கு ஓரம் முழுக்க நட்டது இந்தக் கைதான். அறுவடையில் அந்த நெல்லை மட்டும் வேண்டாமென்று வரப்பில் நிறுத்திவைப்பாரா? படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.