முகம் ஏறாத வெள்ளைப் பலகை

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். வயிறாரச் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான்... ஆனால் பந்தியில் உட்காரவே மனசு வரவில்லை.

வடகரப்பதியில் எங்கள் பக்கத்து வீடு ஜோதிமணி. அவள் கணவர் பழனிசாமிக்கு முதலமடை மாங்காய் மண்டியில் லோடிங் வேலை. போன சீசனில் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் — எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் கவிதா. அவளுக்குத்தான் கல்யாணம்.

மேடையில் அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று கவிதாவுக்கு ஓர் ஆசை. இப்போதுதான் ஃபோட்டோவை ஆள் உருவத்துக்கே வெட்டித் தருகிறார்களே? அப்படி ஒன்று செய்து நாற்காலியில் வைத்துவிடலாம் என்றாள்.

"நீங்களும் வாங்கக்கா. கடையில என்ன சொல்லிக் கேக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது" என்று ஜோதிமணி கூப்பிட்டாள். கொழிஞ்சாம்பாறையில் மல்லிகா நடத்தும் கிஃப்ட் கடைக்குப் போனோம்.

மல்லிகாவின் வேலையை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்து வெள்ளைப் பூச்சு பூசிய எம்.டி.எஃப். பலகையை, வேண்டிய வடிவத்தில் லேசர் மெஷின் வெட்டிக் கொடுக்கிறது. பேப்பரில் அச்சடித்த ஃபோட்டோவை அதன்மேல் வைத்து சூடான பிரஸ்ஸில் அழுத்தினால், படம் பேப்பரை விட்டுப் பலகைக்கு ஏறிவிடும். இதயம், பூ, பட்டாம்பூச்சி... இதெல்லாம் அவள் தினமும் வெட்டுகிறவை. ஒரு மனிதரை?

"அதுவும் ஒரு கோடுதானுங்களே" என்றாள்.

பழனிசாமிக்கு நல்ல ஃபோட்டோ ஒன்றுதான் இருந்தது. கோயில் திருவிழாவில் எடுத்தது. வெள்ளைச் சட்டையில், இடுப்புவரை தெரிய, சிரித்துக்கொண்டு நிற்கிறார். மல்லிகா கம்ப்யூட்டரில் அவரைச் சுற்றிக் கோடு போட்டாள். மெஷின் ஓடியது. கடை முழுக்கக் கருகிய மர வாசனை.

வெட்டிய பலகையை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். முகம் இல்லை, சட்டை இல்லை. தலை, கழுத்து, இரண்டு தோள் — எல்லாம் வெறும் வெள்ளை.

ஜோதிமணி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது அவிய இல்லீங்க."

"இன்னும் ஃபோட்டோ ஏத்தலீங்கக்கா. ஏத்துனா வந்துருவாரு."

"இல்லீங்... தோளு அவியளுது இல்ல."

மல்லிகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரு தோளு ரொம்ப எறங்கி இருந்துச்சுங்க. ஃபோட்டோவுக்குச் சாஞ்சு நிக்கறாருன்னு நெனச்சு, நாந்தான் நேராக்கி உட்டேன்."

"சாயலீங்க. பொட்டி தூக்கித் தூக்கி எறங்குன தோளு அது. டெய்லர்கிட்டக்கூட அந்தப் பக்கம் சித்த எறக்கித் தெக்கச் சொல்லித்தான் துணி குடுப்பேன்."

யோசித்துப் பார்த்தால், இறந்தவர்களை நாம் எல்லோருமே கொஞ்சம் நேராக்கித்தான் வைத்துக்கொள்கிறோம். கோபக்காரர் தங்கமானவர் ஆகிவிடுகிறார். கஞ்சர் சிக்கனக்காரர் ஆகிவிடுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது... ஆனால் கூடப் படுத்து எழுந்தவளுக்கு அந்த அழகு எதற்கு?

மல்லிகா வேறு பலகையை எடுத்து மெஷினில் வைத்தாள். இந்த முறை தோள் இறங்கியே வந்தது. ஜோதிமணி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இப்பத்தானுங்க அவிய."

இன்னும் முகமே ஏறவில்லை. பிரஸ் சூடாகிவிட்டதா பார்க்கிறேன் என்று மல்லிகா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணம் எலப்புள்ளி ஆடிட்டோரியத்தில். புது வேட்டியில் சுற்றிய பலகையை ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள் ஜோதிமணி. அலங்காரத்தோடு இருந்த கவிதா வேட்டியைப் பிரித்து, பலகையில் ஏறியிருந்த அப்பாவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "அழுதா மையி கரையும் கண்ணு" என்றாள் அம்மா. பலகை மேடை நாற்காலிக்குப் போனது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேடையோரம் கீழே நின்ற எங்களிடம் மாப்பிள்ளையின் அத்தை வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியம் நடக்கற எடத்துல எறந்தவிய படம் எதுக்குங்க? கீழ வெச்சுக்கலாமே."

மிருதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

மேடையில் இருந்த கவிதா எழுந்திருக்கப் பார்த்தாள். ஜோதிமணி தலையை அசைத்து அவளை உட்காரச் சொன்னாள். தாரை வார்ப்பது ஜோதிமணியின் அண்ணனும் அண்ணியும்தான் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். கணவனை இழந்தவள் தாலி கட்டும் நேரத்தில் மேடையில் நிற்கக் கூடாதாம். இந்தக் காலத்திலுமா என்று கேட்பீர்கள். இந்தக் காலத்திலும்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோதிமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்கக்கா. எனக்கே மேல எடமில்ல. அவிய மட்டும் தனியா அங்க ஒக்காந்து என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேரும் கீழயே இருந்துக்கறோம்."

அவளே மேடையேறிப் பலகையைத் தூக்கிவந்தாள். கீழே, எனக்கு அடுத்த நாற்காலியில் அவள். அவளுக்கு அடுத்ததில் அவர். பலகை சரியாமல் இருக்க, தன் கையை அதன் முதுகுக்குக் கொடுத்திருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதையை அள்ளி மேடைப் பக்கம் வீசினாள். கை எட்டவில்லை. முன்வரிசைக்காரர்களின் தலையில் விழுந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

கூட்டத்தில் நாற்காலி கிடைக்காமல் ஒரு பெரியவர் பின்பக்கமாக வந்தார். ஒரு காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடந்தார்.

"ஏனுங்க, இங்க ஆளிருக்குதுங்களா?"

"இருக்காங்க. எங்கூட்டுக்காரருங்க" என்றாள் ஜோதிமணி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவர் குனிந்து பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

இடம் விடத் தெரிந்த ஒருவராவது அந்த ஆடிட்டோரியத்தில் இருந்தார்.