வளைவில் தணிந்த வெளிச்சம்

அடி அண்ணாமலையில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு சாலை வளைவில் இருக்கிறது. மனைவி இறந்த பிறகு டவுன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தேன். பொழுது சாய்ந்தால், வளைவில் திரும்புகிற ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் ஜன்னல் வழியாக என் முகத்தில்தான் அடிக்கும். கண்புரை ஆபரேஷன் செய்த கண். இப்போது வருகிற கார்களின் வெள்ளை லைட் ஊசியாகக் குத்தும். டிம் பண்ண ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலைக்கூட அசைக்காத ஜனங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பேச வேறு ஆள் இல்லை.

ஏழு மணிவாக்கில் வரும் டவுன் பஸ்ஸை மட்டும் திட்டியதில்லை. வளைவுக்கு வந்ததும் அதன் டிரைவர் லைட்டை டிம் பண்ணுவார். பஸ்ஸுக்குள் எரியும் விளக்கில், அவர் லேசாகத் தலை குனிவதும் தெரியும். ஜன்னலோரம் ஒரு கிழவன் இருப்பதைக் கவனித்திருக்கிறாரே என்று மனசு நிறைந்துபோயிற்று. நானும் கையைத் தூக்க ஆரம்பித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்துக்குத் தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்காருவேன். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். வாசலில் ஊரே நடந்துபோகும். எனக்கு மட்டும் அது யாரும் வராத நாள்.

நேரில் நன்றி சொல்லிவிடலாம் என்று ஒருநாள் டவுனுக்குப் போய், அந்தப் பஸ்ஸிலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்புமுன், வளைவு வீட்டுக்காரன் நான்தான் என்றேன். தினமும் எனக்காக டிம் பண்ணுவதற்குப் பெரிய மனசு வேண்டும் என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நடுவயது, நெற்றியில் விபூதி. நான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

"உங்க காம்பவுண்டை ஒட்டி பிள்ளையார் இருக்காரு இல்லீங்களா, அவருக்குத்தாங்க. சாமி மூஞ்சில லைட் அடிக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. ஜன்னல்ல ஆள் இருந்ததை நான் பாத்ததே இல்லீங்க."

அந்தப் பிள்ளையாருக்கு மேலே கூரைகூடக் கிடையாது, வேப்பமரத்தடிதான். ஒருநாளும் நின்று கும்பிட்டதில்லை நான். அவருக்கு வந்த மரியாதைக்கு இத்தனை நாளாக நான் கையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தைவிட வலிதான் ஜாஸ்தி. என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார்.

"அதனால என்னங்க ஐயா, நாளையிலேர்ந்து உங்களுக்கும் சேத்தே பண்றேன்" என்றார்.

நல்ல மனுஷர், சொன்னபடியே செய்தார். மறுநாள் வளைவில் டிம் பண்ணியதோடு, என் ஜன்னலைப் பார்த்துச் சின்னதாக ஒரு ஹாரனும் அடித்தார். இந்த முறை சந்தேகமே இல்லை, எனக்குத்தான், என்மேல் இரக்கப்பட்டு. எனக்குக் கை எழவில்லை. அவர் என்னைப் பார்க்காதவரை எனக்கு ஒருத்தர் இருந்தார். பார்த்த அன்றைக்குத்தான் யாருமில்லாமல் போனேன்.